ஆள் இருந்தால்தான் ஃபாரம்

என்னை ரைட்டரே என்று கூப்பிட்டவனுக்கு,

இன்று காலை பதினொரு மணி வாக்கில் ஒரு பெண் எங்கள் தெருவுக்கு வந்தாள். கையில் அட்டை, அட்டையில் கிளிப், கிளிப்பில் ஃபாரம்கள். குடியாத்தத்தில் அட்டையோடு வருகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அவள் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தெருவிலும் வைத்து நின்றதைப் பார்த்ததுமே சுகாதார சர்வே என்று தெரிந்துவிட்டது. அது ஒரு காலத்தில் சர்வேக்கு அலைந்த எங்கள் நிற்பு. நாய் வந்தால் இறங்கிக்கொள்ளலாம், தண்ணீர் கொடுத்தால் ஏறிக்கொள்ளலாம். நீதான் அதைக் கண்டுபிடித்துக் கேலி செய்தவன்.

இருமல் உண்டா, சளியில் ரத்தம் உண்டா, மூச்சு வாங்குகிறதா என்று கேட்டாள். இல்லை, இல்லை, இல்லை என்றேன். பிறகு எதிர் வீட்டைக் காட்டினாள்.

"பூட்டியிருக்கே சார், அங்க யாரும் இல்லியா?"

"ஊருக்குப் போய்ட்டாங்கம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு ஒரு ஃபாரத்தின் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை கோடு இழுத்தாள். நேரான கோடு. கை பழகியிருந்தது. அவள் நாலு வீடு தாண்டிப் போன பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. எதிர் வீட்டுக்காரன் விசைத்தறி ஓட்டுகிறவன். ஆடி மாதத்திலிருந்து இருமிக்கொண்டிருந்தான். போன வாரம் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், பெண்டாட்டி பிள்ளைகளோடு மாமனார் வீட்டுக்குப் போய்விட்டான். இத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் வாயில் வந்தது அந்த இரண்டு வார்த்தைதான். அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ இருந்தபோது ஒரு கார்டுகூடப் போட்டதில்லை, உனக்குக் கையெழுத்துக்கு மேல் படிக்கத் தெரியாது என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஆம்பூரில் உன் லைன் வீடுகளுக்கு நான் முதலில் வந்தது எமர்ஜென்சி முடிந்த கையோடு. பி.யூ.சி. முடித்துவிட்டுத் தறியில் உட்கார மாட்டேன் என்று அப்பாவிடம் சண்டை போட்டவனுக்கு ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் வேலை கிடைத்தது. டேனரியில் தோல் பதனிடும் தொழிலாளிகளின் நுரையீரல் எப்படி இருக்கிறது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும். கேள்விகள் எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் உங்கள் லைனில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. அட்டையைக் கண்டாலே குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் பிடித்துக்கொண்டு போக வந்தவன் என்று ஆண்கள் பின்பக்கமாக ஓடினார்கள்.

நீ மட்டும் ஓடவில்லை. ஷிப்டு முடிந்து அப்போதுதான் வந்திருந்தாய். புருவம், இமை, காது மடல் எல்லாம் பழுப்புத் தூள். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவனாக இருப்பாய், அந்தத் தூளில் கிழவனாகத் தெரிந்தாய்.

"இன்னா ரைட்டரே, ஆபரேஷனா?"

"இல்லீங்க. இருமல் யாருக்கு இருக்குன்னு எழுதுறோம்."

"இருமலுக்கா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாய். "அப்ப உள்ள வா."

நீ பஃபிங் மிஷினில் நின்றவன். உப்புக் காகிதம் சுற்றிய உருளையில் தோலைக் கொடுத்துத் தேய்த்து வழவழப்பாக்குகிற வேலை. தேயத் தேயத் தூள் பறக்கும். ஆறு பேர் நின்ற அந்த அறையில் தூளை இழுத்து வெளியே தள்ள ஒரு ஃபேன் வேண்டும் என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். மேனேஜர் முடியாது என்று சொல்லவில்லை. "டாக்டருங்க சர்வே பண்றாங்க. தூளால சீக்கு வருதுன்னு அவங்க எழுதட்டும், அடுத்த நாளே போட்டுடலாம்" என்று சொல்லியிருந்தார். அந்த ஃபேனுக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் என்னோடு வந்தாய். "உன் மூஞ்சிக்காகன்னு நெனச்சுக்காதே" என்று முதல் நாளே சொல்லிவிட்டாய்.

என் கையில் டேனரி கொடுத்த பெயர்ப்பட்டியல் இருந்தது, கொஞ்சம் பழையது. நீ முன்னால் போய்க் கதவைத் தட்டுவாய், நான் பின்னால் பெயரைச் சொல்வேன். ஆள் இருந்தால் கேள்வி கேட்பேன், மூச்சை அளக்க ஊதுகிற கருவியை வாயில் வைத்து ஊதச் சொல்வேன். சில கதவுகளில் நீ தட்டவே மாட்டாய். நின்று, திரும்பி, என் முகத்தைப் பார்த்துச் சொல்வாய்: "ஊருக்குப் போய்ட்டான். எழுதிக்கோ."

நான் எழுதிக்கொண்டேன். ஃபாரத்தின் கடைசியில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது. வெளியூர். அதில் டிக் போட்டுவிட்டு ஃபாரத்தின் குறுக்கே சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்துவிட வேண்டும். ஆள் இருந்தால்தான் ஃபாரம், இல்லாதவரைப் பற்றி யார் சொல்வதையும் எழுதக் கூடாது என்பது எங்களுக்குக் கொடுத்த பயிற்சி. அதை உன்னிடமும் பெருமையாகச் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டாய். ஆனால் நான் சிவப்புக் கோடு போடும்வரை அந்தக் கதவை விட்டு நகர மாட்டாய். ஒருமுறை மழைக்குப் பயந்து எழுதாமல் ஓடப் பார்த்தேன். என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"இவனை வுட்டுட்டியே. போடு."

போட்டேன். சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டுத் திருப்தியாக நடந்தாய். உனக்கு ஏன் அவ்வளவு அக்கறை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கேள்வி கேட்பதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

அந்த வருடம் தீபாவளிக்கு எங்கள் தறியில் நெய்த நீலக் கட்டம் போட்ட லுங்கி ஒன்றை உனக்குக் கொண்டுவந்தேன். மறு வாரம் கேட்டபோது கிழித்துவிட்டேன் என்றாய். எனக்குக் கோபமான கோபம். நீ என்னை டேனரி வாசலுக்குக் கூட்டிப் போய் ஷிப்டு விடும்வரை நிற்க வைத்தாய். ஆறு பேர் வெளியே வந்தார்கள், ஆறு பேர் வாயிலும் நீலக் கட்டம். "கெட்டியா தூள் புடிக்குது ரைட்டரே. உங்கப்பன் நல்லாத்தான் நெய்யறாரு" என்றாய். அதற்குப் பிறகு அந்த அறையில் முகங்கள் மாறின, துணிகள் மாறவில்லை. ஒருவன் போனால் அவன் துணி புதிதாக வந்தவன் வாய்க்குப் போயிற்று.

ஒன்றரை வருடம் கழித்து அறிக்கை வந்தது. எனக்கு ஒரு பிரதி கிடைக்கவில்லை, டாக்டரம்மா மேஜையில் இருந்ததைப் படித்தேன். எங்கள் திட்டத்தை நடத்தியவர் அவர், நல்ல மனுஷி, எங்களையும் உட்கார வைத்துப் பேசுவார். டேனரித் தொழிலாளிகளை ஒப்பிட்டுப் பார்க்க, தோல் வாடையே இல்லாத விவசாய ஊர்களிலும் இன்னொரு குழு இதே கேள்விகளைக் கேட்டிருந்தது. அறிக்கை சொன்னது இதுதான்: டேனரிக்காரர்களைவிட அந்த ஊர்க்காரர்கள்தான் அதிகம் இருமுகிறார்கள்.

உன்னிடம் அதைச் சொன்ன இடம் டேனரி வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடை. சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். உன் நுரையீரல் பரவாயில்லை என்றுதானே எழுதியிருக்கிறது.

"ஊருக்குப் போனவங்களைச் சேர்த்தா?" என்று கேட்டாய்.

"அவங்கதான் ஊர்ல இல்லையே. கோடு போட்டா அந்த ஃபாரம் சேராது."

டீ கிளாஸைக் கீழே வைத்தாய். "சேராதுன்னா?"

"அவங்க கணக்குலயே வர மாட்டாங்க."

"ஏய்" என்றாய். அதட்டலாக இல்லை, ஏதோ என் கையிலிருந்து கீழே விழப் போவதைப் பார்த்தவன் போல. "ஊருக்குப் போய்ட்டான்னா இன்னான்னு நெனச்சே? பொங்கலுக்குப் போனான்னா? இருமி இருமி மிஷின் புடிக்க முடியாம வேலையை வுட்டு அனுப்பினா, அவன் ஊருக்குப் போய்ட்டான்னுதானே சொல்லுவோம்? லைன் வீட்டுல செத்தா நல்லாயில்லன்னு ஊருக்குப் போவான். அவங்கதான்டா முக்கியம். ஒவ்வொருத்தனையும் சிவப்புல போட வெச்சேனே. சிவப்புல போட்டா டாக்டரம்மா கண்ணுக்கு நேரா தெரியும்னு நெனச்சேன்."

நீ என் அட்டையைப் பார்த்தபடியே இருந்தாய். உன் லைனில் சீக்காளிகளையெல்லாம் ஒருவர் விடாமல் எனக்குக் காட்டியிருக்கிறாய். நானும் ஒருவர் விடாமல் கோடு போட்டு அடித்திருக்கிறேன்.

அடுத்த வாரம் டேனரி ஆபீஸ் சுவரில் அந்த அறிக்கையின் ஒரு பத்தியைத் தட்டச்சு செய்து ஒட்டினார்கள். ஃபேன் பேச்சு அதோடு முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் இரண்டு பேரும் நெமிலிப் பக்கம் உன் ஊருக்குப் போனோம். உனக்கு முன்னால் அதே மிஷினில் நின்று "ஊருக்குப் போன" உன் அண்ணனைப் பார்க்க. அவரையாவது ஊதச் சொல்லி, டாக்டரம்மாவிடம் ஒரு தாளைக் கொண்டுபோய் வைக்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். ரயிலில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்து உற்சாகமாகத்தான் வந்தாய். எனக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

அண்ணன் வீட்டுக் கதவில் சிவப்புப் பெயிண்டில் ஓர் எண் எழுதியிருந்தது. அது எங்கள் திட்டத்தின் எண்.

வேப்ப மரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் என் ஊதுகிற கருவியைப் பார்த்துச் சிரித்தார். "இதையா? போன வருஷமே உங்காளுங்க வந்து ஊதச் சொன்னாங்களே. ஊதினேன். முள்ளே நகரலை."

"இன்னா வேலைன்னு கேட்டாங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"கேட்டாங்க. இப்ப இன்னா வேலை எனக்கு? ரெண்டு ஆடு கட்டியிருக்கேன்னேன். விவசாயம்னு போட்டுக்கினாங்க."

உனக்குப் புரியவில்லை. திரும்பி பஸ்ஸுக்கு நடக்கும்போது நான்தான் விளக்கிச் சொன்னேன். உங்கள் லைனில் பாதிப்பேர் அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள். அதே மக்கள், அதே சாப்பாடு, தோல் மட்டும்தான் இல்லை என்றுதான் ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஊர்களையே எடுத்தார்கள். டேனரியில் நோயாளியானவன் அங்கே திரும்பிப் போய் விவசாயி ஆகிவிட்டான். நான் ஆம்பூரில் அடித்த ஆளை இன்னொருத்தன் நெமிலியில் எழுதிக்கொண்டான்.

"அப்ப எங்க அண்ணன் இருமினது அந்த ஊரு இருமலா ஆயிடுச்சா?"

"ஆமா."

நீ சிரித்தாய். வரப்பில் நின்று, தொடையைத் தட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். "அவன் இருமி இருமி எங்களுக்கு ஃபேன் இல்லாம பண்ணிட்டான் பாரு" என்றாய். சிரிப்பு இருமலாக மாறியதை நான் அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். அதற்கு முன்னாலும் உனக்கு இருமல் இருந்திருக்கும். நான் கேட்டபோதெல்லாம் இல்லை என்றுதான் சொல்லியிருந்தாய். இருக்கிறது என்று தெரிந்தால் நீயும் ஊருக்குப் போக வேண்டியவன்.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டவில்லை. "அறிக்கை போய்டுச்சுப்பா. அடுத்த சர்வேயில இதைச் சரி பண்ணணும்" என்றார். மனதாரத்தான் சொன்னார். ஆனால் அடுத்த சர்வே வரும்போது அவர் அங்கே இல்லை, மாற்றலாகிப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்த சூப்பர்வைசர் என்னிடம் அதே ஃபாரத்தை நீட்டினார். அதே கேள்விகள், அதே கட்டம். மாற்றலாமா என்று கேட்டதற்கு, பழசோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், ஒரு எழுத்தை மாற்றினாலும் ஒப்பிட முடியாது என்றார். அவர் சொன்னதும் சரிதான். அந்த வேலையில் எல்லோரும் சரியாகத்தான் சொன்னார்கள்.

உன் லைன் முறை வருவதற்கு ஒரு வாரம் இருந்தது. நான் காட்பாடி ஸ்டேஷன் பக்கத்தில் எங்கள் அறையில் ஃபாரம்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். நீ வாசலில் வந்து நின்றாய், ஒரு கால் படியில், ஒரு கால் தெருவில். பின்னால் உன் மனைவி, அவள் தலையில் டிரங்குப் பெட்டி.

"நீ நம்ம லைனுக்கு வர்ற வரைக்கும் இருந்துடலாம்னு பார்த்தேன் ரைட்டரே. முடியல. அனுப்பிட்டாங்க."

அரக்கோணம் வண்டிக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. பிளாட்பாரத்துக்கு வந்தோம். நீ பெஞ்சில் உட்கார்ந்து மூச்சுப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "ஆள் இருந்தாத்தானே ஃபாரம்? இதோ இருக்கேன். எழுது."

எழுதினேன். பெயர், வயது, வேலை. பஃபிங் என்று கொட்டை எழுத்தில் போட்டேன். இருமல் உண்டு. ரத்தம் உண்டு. எத்தனை மாதமாக என்று கேட்டேன், நீ சொன்னதைக் கேட்டு உன் மனைவி தலையைத் திருப்பிக்கொண்டாள். ஊதினாய். முள் கொஞ்சம் நகர்ந்தது, அதையும் எழுதினேன். கையெழுத்துப் போட்டாய், அதற்கே உனக்கு மூச்சு இளைத்தது. வண்டி வந்தபோது நான் டிரங்குப் பெட்டியை ஏற்றினேன். ஜன்னல் வழியாக என் அட்டையைத் தட்டினாய்.

"என்னையாவது வெட்டாதே."

"வெட்ட மாட்டேன்" என்றேன்.

மறுநாள் சூப்பர்வைசர் அந்த ஃபாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார். "வீட்டுல வெச்சு எழுதினதா?"

"ஸ்டேஷன்ல சார். ஆள் நேரா இருந்தாரு. ஊதினாரு."

"லைன் வீட்டுல இப்ப இருக்காரா?"

"இல்ல சார்."

"அப்ப வெளியூர்" என்று சிவப்புப் பென்சிலை என் பக்கம் உருட்டிவிட்டார்.

உனக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நான் எதிர்த்துப் பேசவில்லை. பென்சிலைத் தூக்கி எறியவில்லை. எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது, அந்த வேலையை நம்பிப் பெண் கொடுத்திருந்தார்கள். கட்டத்தில் டிக் போட்டேன். மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை கோட்டையும் நானே இழுத்தேன், உன் கையெழுத்து மேலேயே போயிற்று. இரண்டாவது சர்வேக்கு நெமிலிப் பக்கம் யாரும் போகவில்லை, அதற்குப் பணம் வரவில்லையாம். அதனால் நீ விவசாயியாகக்கூட எங்கேயும் இல்லை.

நாலு மாதம் கழித்து உன் மனைவி யாரிடமோ சொல்லி எழுதிய கார்டு வந்தது, நீ செத்துப்போன சேதி. நான் வரவில்லை. ஸ்டேஷனில் எழுதினது என்ன ஆயிற்று என்று அவள் கேட்பாள் என்று பயந்தேன். அந்த வருடமே வேலையை விட்டேன். இப்போது என் அண்ணனின் லுங்கி குடோனில் உட்கார்ந்து பேல் மூட்டைகளுக்கு நம்பர் எழுதுகிறேன். நீ வைத்த பெயருக்குப் பொருத்தமாக ரைட்டராகவே ஆகிவிட்டேன்.

இன்று காலை, இதை எழுத உட்காரும் முன், அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன் என்றே சொல்லலாம். ரேஷன் கடை நிழலில் உட்கார்ந்து ஃபாரம்களை எண்ணிக்கொண்டிருந்தாள். எதிர் வீட்டுக்காரன் சும்மா ஊருக்குப் போகவில்லை, சீக்காளி, தறியில் நின்று நின்று நெஞ்சு கெட்டு அனுப்பப்பட்டவன், அந்தக் கோட்டை அழித்துவிட்டு எழுதிக்கொள் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"எப்ப சார் திரும்பி வருவாரு?"

"வர மாட்டாரும்மா."

"அப்ப எப்பிடி சார்? ஆள் இருந்தாத்தானே ஃபாரம்?"

அவளைக் குற்றம் சொல்ல வாய் வரவில்லை. நன்றாக வேலை செய்கிற பெண். வெயிலில் போகாதம்மா என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

உன் லைனில் எந்தெந்தக் கதவில் நீ தட்டாமல் நின்றாயோ, அந்தப் பெயர்கள் எல்லாம் எனக்கு இன்னும் வரிசையாக மனப்பாடம். ஃபாரம்களை எப்போதோ எடைக்குப் போட்டிருப்பார்கள். பஸ்ஸில் போகும்போது, பேல் கட்டும்போது, என்னை அறியாமல் முதல் கதவிலிருந்து சொல்லத் தொடங்கிவிடுவேன். எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியாது, வாங்கிக்கொள்ளவும் ஆள் இல்லை. இத்தனை வருடமாக அந்த வரிசை உன் பெயரோடு முடியும்.

இன்று ரேஷன் கடையிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போதும் சொல்லிக்கொண்டு வந்தேன். உன் பெயருக்கு அப்புறம் எதிர் வீட்டுக்காரன் பெயர் வந்தது.